கும்பிடுபூச்சிக்கு ஓர் ஆணி

எங்கள் மாவட்டத்தை இரண்டாம் தடவையாகப் பிரித்தபோது எனக்கு அலுத்துவிட்டது. முதல் தடவை பிரித்தபோது ஆபீஸில் பாதி அரியலூருக்குப் போனது. அந்தப் பாதியில் நான் இருந்தேன். அங்கே பால்காரர் முகம் பழகுவதற்குள் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்கே வந்தோம். சில வருஷம் சும்மா இருந்தார்கள். பிறகு மறுபடியும் பிரித்தார்கள். மறுபடியும் அதே பாதியில் நான். ஃபைல் கட்டுகள் போகிற இடத்துக்குக் கூடவே போவதுதான் என் உத்தியோகம். கட்டுகளைச் சணல் போட்டு இறுக்கியிருந்தார்கள், என்னை இறுக்கவில்லை. மற்றபடி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

என் மனைவிக்கு என்னைவிட அலுப்பு. ஆனால் நிஜமாக அடி வாங்கியது எங்கள் மகள்தான். ஏழாம் வகுப்பு, அதுவும் வருஷத்தின் நடுவில். அரியலூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். போன முதல் நாளே அவளுக்குப் "பெரம்பலூரு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர்கள் அவளோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம். அது நடக்கவில்லை.

"மத்தியானம் யாரோட சாப்பிட்ட?" என்று சாயந்திரம் கேட்டேன்.

"டப்பாவோட."

எங்கள் வீட்டில் தமாஷ் பண்ணும் பொறுப்பு என்னுடையது. அன்றைக்கு அவள் பண்ணினாள், யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். டப்பா மாறவே இல்லை.

பெரம்பலூரிலிருந்து அவள் கேட்டுக் கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: ஒரு மாதுளைக் குச்சி. பழைய வீட்டின் கொல்லையில், நாங்கள் காலி பண்ணுவதற்குச் சில நாள் முன்னால், ஒரு பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி அந்தக் குச்சியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சோப்பு நுரை மாதிரி எதையோ பிதுக்கிப் பிதுக்கி வைத்ததாம். பள்ளிக்கூட மணியை மறந்துவிட்டு நின்று பார்த்திருக்கிறாள். நுரை காய்ந்து, பொங்கி ஆறிய வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒரு கூடாக இறுகிவிட்டது. உள்ளே முட்டைகள். டெம்போவில் சாமான்களோடு வரும்போது என் மனைவியின் மடியில் கடிகாரம், என் மடியில் மிக்ஸி, அவள் மடியில் அந்தக் குச்சி. வழியில் கடிகாரம் நின்றுவிட்டது.

குச்சியைப் பெரிய ஊறுகாய் பாட்டிலுக்குள் நிறுத்தி, வாயில் என் பழைய வேட்டித் துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வரவிருந்தது. அரியலூர்ப் பக்கம் கண்காட்சி என்றால் கல். எப்போதோ கடலாகக் கிடந்த ஊர். எங்கே தோண்டினாலும் சிப்பிக்கல், நத்தைக்கல். சுரங்கத்துப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளை பெரிய கல்லாகக் கொண்டுவரும், இல்லாத பிள்ளை சின்னதாகக் கொண்டுவரும்.

"பெரம்பலூரு, ஒனக்குத்தான் இங்க யாரும் இல்லயே, நீ என்னா கொண்டாருவ?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"நீங்கள்லாம் செத்ததக் கொண்டாங்க. நான் உயிரோட இருக்கறதக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் இவள்.

இதைக் கேட்டதும் நான் போய் பாட்டிலைப் பார்த்தேன். முட்டை பொரிக்கவில்லை என்றால்? செத்ததைக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இவளைப் பத்தாம் வகுப்பு வரைக்கும் கிண்டலடிப்பார்கள். டப்பாவோடுதான் படிப்பை முடிப்பாள். அன்றிலிருந்து அந்த பாட்டிலுக்கு நான் காவல். மகள் பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்கினாள். நான் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் போய் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவேன். அதில் ஒன்றுமே நடக்காது. ஆபீஸ் ஃபைலைவிட மெதுவாக நகரும் ஒரு பொருளை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் என் மனைவி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். புகை மூலைமுடுக்கெல்லாம் போக வேண்டும் அவளுக்கு. நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன சார், ஊறுகாயா?"

"இல்லிங்க, முட்டை."

"குச்சியில்ல இருக்கு?"

"குச்சியில முட்டைங்க."

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "பெரம்பலூர்லேர்ந்துதான வந்துருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அதிலேயே பதில் கிடைத்துவிட்டது போலப் போய்விட்டார்.

இதெல்லாம் சின்னப் பயம். பெரிய பயம் கார்த்திகை மழையோடு வந்தது. ஒரு சாயந்திரம் மேற்கே கருத்து, ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்கிற மாதிரி ஓர் இடி விழுந்தது. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இடியினால் அல்ல. கோழியை அடை வைக்கும்போது எங்கள் வீட்டில் முட்டைகளோடு ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் மூன்றையும் கூடையில் போட்டுத்தான் வைப்பார்கள். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் அத்தனையும் கூமுட்டையாகிவிடும் என்பார்கள். இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் பி.எஸ்ஸி. படித்தவன். அந்தப் படிப்பு முழுவதும் அந்த ஓர் இடியில் என்னை விட்டு ஓடிவிட்டது.

சுவரிலிருந்து காலண்டர் ஆணியைப் பிடுங்கினேன். காலண்டர் கீழே விழுந்தது. சாம்பிராணிச் சட்டியிலிருந்து அணைந்த கரி ஒன்று. அடுக்களையிலிருந்து மிளகாய். மூன்றையும் பாட்டிலுக்குள் போட்டுத் துணியைக் கட்டுவதற்குள் அடுத்த இடி. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

காலையில் முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

"அம்மா! என் பாட்டில்ல யாரு கொழம்பு வச்சது?"

"உங்கப்பாவக் கேளு. மிளகாய் டப்பா தொறந்து கெடந்தப்பவே நெனச்சேன்."

நான் விளக்கினேன். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது கோழிப்பா."

"முட்டைன்னா முட்டைதானம்மா?"

"சரி, இரும்பு போட்டீங்க. மிளகாய் எதுக்கு?"

அதை நான் யோசித்ததே இல்லை. "அது... இடிக்கு ஒறைக்கும்ல?"

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. அரியலூர் வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்.

மகள் ஆணியை எடுத்து வெளியே வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "இது இப்புடியே இருக்கட்டும். இதெல்லாம் போடாம இன்னொரு கூடு வேணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு தெரியும்."

"இன்னொரு கூட்டுக்கு எங்கம்மா போறது?"

"எனக்கென்ன தெரியும்? கெடுத்தது நீங்க. நீங்களே கொண்டாங்க."

அரியலூரைச் சுற்றித் தேடிப் பார்த்தேன். லாரி போகிற ரோட்டோரச் செடிகளெல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்து திருநீறு பூசிய மாதிரி நின்றன. அங்கே பூச்சிக்கே இருமல் வரும். அதற்குள் ஆபீஸில், பெரம்பலூரில் விட்டுப்போன கட்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னார்கள். வழக்கமாக இப்படிப்பட்ட வேலைக்கு முதுகுவலி என்று சொல்கிறவன், அன்றைக்கு முதல் ஆளாகக் கிளம்பினேன். கட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வாலிகண்டபுரத்துப் பக்கம் போய், ரோட்டை ஒட்டிய ஒரு பருத்திக் காட்டில் இறங்கினேன். செடி செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சார் அது? காட்டுக்குள்ள என்ன தேடுறீங்க?"

"பூச்சி முட்டைங்கம்மா."

"மருந்துக் கம்பெனியா? போன வருஷம் குடுத்துட்டுப் போனீங்களே ஒரு மருந்து, அதக் குடிச்சுட்டுப் புழுவெல்லாம் தெம்பாத் திரிஞ்சிச்சு."

"நான் கம்பெனி இல்லிங்க. புள்ளைக்கு ஸ்கூல்ல கேட்டுருக்காங்க. கும்பிடுபூச்சி முட்டை."

அவர் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து வயலில் இருந்த இன்னொருத்தரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடியே, இங்க பாருடி! நாம பூச்சி போவாதான்னு கெடந்து சாவுறோம். இவரு பஸ் ஏறி வந்து தேடுறாரு!"

"கெடைச்சா நம்ம காட்டுப் பூச்சி மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போவச் சொல்லுடி!"

இரண்டு பேரும் நான் காட்டை விட்டு வெளியேறும் வரை சிரித்தார்கள். முதுகில் ஃபைல் கட்டு, சட்டை முழுக்கப் பருத்தி இலை, செருப்பில் கரிசல் சேறு ஒரு கிலோ. கடைசியில் வேலிக்கருவை ஒன்றில் கிடைத்தது. மகள் வைத்திருந்ததைவிடப் பெரியது. நல்ல வெயிலில் காய்ந்து கல் மாதிரி இருந்தது. தரமான சரக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு ஒடித்தேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கட்டைக் காலுக்கடியில் வைத்துவிட்டு முள்குச்சியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "என்ன சார், மந்திரிக்கவா?" என்றார். ஆமாம் என்றேன். மறுக்கத் தெம்பில்லை. அதன்பிறகு என்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

இரண்டாவது பாட்டில் வந்தது. ஆணி, கரி, மிளகாய் உள்ள பாட்டில் ஒன்று. ஒன்றும் இல்லாத பாட்டில் ஒன்று. மகள் இதை வகுப்பில் சொன்னதும்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கோழி இருந்தது. கோழி இருக்கிற எல்லா வீட்டிலும் அடைக்கூடையில் இரும்பு இருந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எங்கள் ஊரில் பிரிவது ஒன்றும் புதிதில்லை. ஆணிக் கட்சி, சும்மாக் கட்சி. ஆணிக் கட்சிக்குத் தலைவி, திருமானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு பெண். இவளிடம் 'நீ என்ன கொண்டாருவ' என்று கேட்டவளும் அவள்தான். கட்சித் தகராறு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கும். தகராறு செய்ய இவள் வேண்டும்.

"இன்னிக்கு யாரோட சாப்பிட்ட?"

"ஆணிக் கட்சி நாலு பேரு, சும்மாக் கட்சி மூணு பேரு. என் பொரியல் எனக்கே இல்லப்பா."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் இன்னும் பயந்தேன். டப்பாவோடு சாப்பிட்டவளுக்கு இழக்க ஒன்றுமில்லை. இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றாவது பொரிக்காவிட்டால் ஏழும் போய்விடும். இடி தாராளமாக இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் நான் இரண்டாவது பாட்டிலைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். அதன் மேலும் ஓர் ஆணியைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. மகள் என் கையைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி நாளன்று ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு, இரண்டு பாட்டிலையும் ஒயர் கூடையில் வைத்து மகளை நடத்தியே கூட்டிப்போனேன். வண்டியில் குலுங்கும் என்று பயம். நிறைமாதக்காரியைக் கூட்டிப்போகிற நடை. மேஜைகள் முழுக்கக் கல். நடுவில் இவளுடைய இரண்டு பாட்டில், ஒரு லென்ஸ், 'இடி இடித்தால் முட்டை கெடுமா?' என்று எழுதிய அட்டை. நான் பின்னால் சுவரோரம் நின்றேன். நேரம் போயிற்று. மற்ற அப்பாக்கள் டீ குடிக்கப் போனார்கள். என் கால் வலித்தது, நாக்கு வறண்டது, நகர முடியவில்லை.

வெயில் ஜன்னல் வழியாக மேஜைக்கு வந்தபோது ஆணிக் கட்சித் தலைவி கத்தினாள். "ஏய், அதுல என்னமோ தொங்குதுடி!"

ஆணி பாட்டில். கூட்டின் நடுக்கோட்டிலிருந்து சேமியாத் துண்டு மாதிரி ஒன்று வெளியே வந்து, கண்ணுக்குத் தெரியாத நூலில் தொங்கித் துடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பத்து, இருபது, கொத்துக் கொத்தாக. தொங்கிக்கொண்டே தோலை உரித்து, கால்களை ஒவ்வொன்றாக நீட்டின. கொசுவளவுதான் இருக்கும், அதற்குள் முன்னங்கையைக் கூப்பிக்கொண்டு நின்றன. ஒன்று போய் மிளகாய் மேல் ஏறி உட்கார்ந்தது. ஆணிக் கட்சி போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து டீச்சர்கள் ஓடிவந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூச்சிக்காக அழுத ஒரே அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

நடுவராக வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். ஆணி இல்லாத பாட்டில் அசைவில்லாமல் இருந்தது.

"எங்க வூட்லயும் இதான் சார் போடுவோம்" என்றார் ஒரு டீச்சர், ரொம்ப நாள் வழக்கு ஜெயித்த மாதிரி.

நடுவர் சிரித்துக்கொண்டு மகளிடம் கேட்டார். "ஆணி போட்டது பொரிச்சிருக்கு. போடாதது பொரிக்கல. இதுலேர்ந்து என்னம்மா தெரியுது?"

ஆணிக் கட்சி முழுவதும் அவள் வாயையே பார்த்தது. நானும்தான். எங்கள் வீட்டுக் கோழிகள் அத்தனையும் என் பின்னால் நின்றன. ஒரே வார்த்தை சொன்னால் போதும், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் லென்ஸை எடுத்து முதல் கூட்டைப் பார்த்தாள். குஞ்சுகள் வந்த நடுக்கோடெங்கும் உரித்த தோலும் நூலுமாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தது. பிறகு இரண்டாவது கூட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல சார்."

"ஏம்மா?"

"இந்தக் கூட்டுலயும் அதே நூலு இருக்கு சார். ஆனா காஞ்சி போயிருக்கு. இது முன்னாடியே பொரிச்சுப் போன கூடு. காலி வூடு. உள்ள ஒண்ணும் இல்லாதது எப்புடி சார் பொரிக்கும்? அதனால ஆணியால பொரிச்சிச்சுன்னு சொல்ல முடியாது."

"காலிக் கூட்ட ஏம்மா கொண்டாந்த?"

"நான் கொண்டாரல சார்." அவள் திரும்பி என்னைக் காட்டினாள். "எங்கப்பா கொண்டாந்தாரு."

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெயிலில் காய்ந்த, கல் மாதிரியான, தரமான சரக்கு. ஒரு பகல் முழுக்கச் சேற்றில் அலைந்து, முள்ளில் கிழித்துக்கொண்டு, குடியிருந்தவர்கள் காலி பண்ணிவிட்டுப் போன வீட்டைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வீடு காலி பண்ணுவதில் இத்தனை அனுபவம் இருந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பரிசு ஒரு பெரிய நத்தைக்கல்லுக்குப் போனது. பரிசை நான் நினைக்கவே இல்லை. ஆணிக் கட்சித் தலைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த கட்சியை நடுவழியில் இறக்கிவிட்டாள் என் மகள். உர்ரென்று நின்ற அந்தப் பெண் மேஜைக்கு வந்தது. போச்சு, நாளையிலிருந்து டப்பாதான் என்று நினைத்தேன்.

"அப்ப ஆட்டம் செல்லாதுல்ல?"

"செல்லாது."

"அப்ப மறுபடியும் வைப்போம். எங்க வூட்டு வேலியில இது எம்புட்டோ இருக்கு. ஞாயித்துக்கெழம வா, பாத்து ஒடிப்போம்." கொஞ்சம் யோசித்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்கப்பாவ மட்டும் அனுப்பாதடி" என்றது.

குஞ்சுகள் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்திருந்தன. சாயந்திரம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அவற்றைப் பள்ளி வேலியில் உதறிவிட்டார்கள். ஆணியை நான் கழுவி, பழைய இடத்தில் அடித்துக் காலண்டரை மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு குரல் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பெரம்பலூரு என்று அல்ல, நாங்கள் வைத்த பெயரை. அரியலூரில் எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பெயரை வெளியாள் சொன்னது அதுதான் முதல் தடவை. திருமானூர்ப் பெண், கடைத்தெருவுக்கு வந்த அம்மாவோடு நின்றது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீங்க வர வேணாம்ப்பா."

"பஸ் ஏத்திவிட்டுட்டு..."

"நாங்க சாயந்திரம் கொண்டாந்து விட்டுடுறோங்க, நீங்க சாஞ்சு படுங்க" என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்தாலே படுக்கவேண்டிய ஆள் என்று தெரிந்திருக்கிறது.

அவர்கள் போனார்கள். நான் படுத்தேன். எத்தனையோ மாதமாக உடம்பில் கிடந்த அலுப்பெல்லாம் ஒன்றாக வந்து மேலே ஏறிப் படுத்தது. கண் செருகுகிற நேரத்தில் கொள்ளிடத்துப் பக்கம் எங்கேயோ ஓர் இடி உருண்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அவ கோழிமுட்டை இல்ல. படுங்க" என்றாள் என் மனைவி.

"தெரியும்."

"அப்பறம் ஏன் எந்திரிச்சீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். காலண்டர் தரையில் சாய்ந்திருந்தது.

"ஆணி எங்க?"

"அவ பையில. சைடு ஜிப்புல."

அவள் அடுக்களைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மிளகாய்?"

"அதுவுந்தான்."

கரி மட்டும் வைக்கவில்லை. புதுப் பை, கறை பிடித்துவிடும்.